சாட்சி நேரம்

புதூர்நாடு,
14 ஜூன் 2024

அன்புள்ள அருணா அக்காவுக்கு,

தங்கை தமிழரசி எழுதுகிறேன். இனி நம் வீட்டில் நடப்பதையெல்லாம் உள்ளது உள்ளபடி உனக்கு எழுதப்போகிறேன். கூட்டியும் எழுத மாட்டேன், குறைத்தும் எழுத மாட்டேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? விடுதிச் சாப்பாடு இப்போதாவது ஒத்துக்கொள்கிறதா?

ஈஸ்டர் அன்று நீ பாஸ்டர் விஜயராஜோடு வாதம் செய்துவிட்டுப் போனதிலிருந்து அப்பா உன் எண்ணைத் தன் போனில் தடுத்து வைத்திருக்கிறார். வீட்டில் இருப்பது அந்த ஒரு போன்தான். அதனால்தான் கடிதம். பதிலைப் பள்ளிக்கு, ஜெயம்மாள் டீச்சர் பெயருக்கு அனுப்பு. டீச்சர் பிரிக்காமல் கொடுத்துவிடுவார்.

போன ஞாயிறு சபையில் அம்மா சாட்சி சொன்னாள். பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம் வருமே, நன்மை பெற்றவர்கள் எழுந்து மைக்கை வாங்கிப் பேசுவார்களே, அப்போது. சந்தையில் விலை கேட்கவே கூச்சப்படுகிற நம் அம்மா எழுந்து நின்றாள். "எனக்குக் காசநோய் இருந்திச்சு. ராத்திரியெல்லாம் இருமுவேன். இப்ப இருமல் இல்ல, ஜொரம் இல்ல. இயேசப்பா எடுத்துட்டாரு. இனிமே மாத்திர வேணாம்" என்று சொல்லி, மடியிலிருந்த மாத்திரை அட்டைகளை எடுத்துப் பாஸ்டர் கையில் கொடுத்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். அப்பா அழுதார். நானும் அழுதேன் அக்கா, சந்தோஷத்தில்தான்.

ஆனால் மாத்திரை கொடுக்க வரும் மணியம்மாள் அக்கா ஆறு மாதம் சாப்பிட வேண்டும் என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அம்மா சாப்பிட்டது இரண்டு மாதம். பாஸ்டர் சொல்வது வேறு. சுகம் சிலுவையிலேயே கொடுத்தாகிவிட்டதாம். உடம்பில் தெரிகிற வலியும் இருமலும் பிசாசு காட்டுகிற பொய்யாம். 'எனக்கு வியாதி' என்று வாயால் சொன்னால் அந்தப் பொய்க்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது மாதிரியாம். அதனால் சபையில் யாரும் யாரிடமும் 'உடம்பு எப்படி இருக்கு' என்று கேட்கக்கூடாது. 'விசுவாசம் எப்படி இருக்கு' என்றுதான் கேட்க வேண்டும். கடிதத்தின் தொடக்கத்தில் நான் உன்னைக் கேட்டதே இங்கே குற்றம்.

எது உண்மை? நீ படித்தவள், சொல்லு.

உன் பதிலுக்காகப் பள்ளி வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
தமிழரசி

*

வேலூர்,
24 ஜூன் 2024

என் தமிழுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவை நினைத்துத்தான் சோறு இறங்கவில்லை.

அம்மாவுக்கு இருமல் நின்றது உண்மை. அதை நிறுத்தியது அந்த இரண்டு மாத மாத்திரை. அது கடவுள் செய்ததில்லை என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் வார்டில் ஊசி போடும் முன்பு ஜெபிக்கிற நர்சுகள் இருக்கிறார்கள். ஜெபித்துவிட்டு ஊசியைப் போடுகிறார்கள், கீழே வைத்துவிடுவதில்லை. கிருமி முழுவதும் சாகவில்லை, தமிழு. பாதியில் நிறுத்தினால் திரும்பி வரும். அப்போது இதே மாத்திரை கேட்காமல் போகலாம்.

வேதத்திலேயே இருக்கிறது. எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது கடவுள் அவருக்கு ஆயுளைக் கூட்டிக் கொடுத்தார். அப்புறமும் தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் புண்ணில் வைத்துக் கட்டச் சொன்னார். லூக்கா வைத்தியர். பவுல் அவரை வேலையை விடச் சொல்லவில்லை. இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டு.

வீட்டில் எல்லோரும் ஒரே அறையில்தானே படுக்கிறீர்கள்? சன்னலைத் திறந்து வை. உன் உடம்பு எப்படி இருக்கிறது?

உங்கள் எல்லோரையும் ஜெபத்தில் வைத்திருக்கும்,
அருணா

*

புதூர்நாடு,
8 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ சுகமாக இருப்பது அறிந்து நிம்மதி.

சாமைக் கொல்லையில் களை எடுக்கும்போது அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கை நிற்காமல் கேட்டாள். முடிந்ததும், "அவ படிச்ச படிப்பு அது. நான் சபைல நின்னு சொல்லிட்டேன்டி. சொன்ன வாய எங்க கொண்டு போய் வெப்பேன்?" என்றாள்.

மணியம்மாள் அக்கா மூன்று முறை வந்து போனார். நேற்று அம்மா தானே வாசலுக்குப் போய்ப் பேசினாள்.

"இன்னா ஈஸ்வரி, மாத்திர எங்க?"

"எனக்கு வியாதி இல்லக்கா."

"யாரு சொன்னா? சளிய டெஸ்ட்டுக்குக் குடு, அது சொல்லட்டும்."

"இயேசப்பா சொன்னதுக்கு மேல டெஸ்ட்டா?"

"நானும் தெனம் சாமி கும்பிட்டுட்டுத்தான் மலையேறி வர்றேன். ஜீப்புக்காரன் பிரேக்கு போட வேணாம்னு சொல்றேனா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை. அப்பா தடுக்கவில்லை அக்கா, வேண்டாம் என்று சொன்னது அம்மாதான். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வேதபாடத்தில் எசேக்கியா ராஜாவைப் பற்றி எழுந்து கேட்டேன். பாஸ்டர் கோபப்படவில்லை. "நல்லாப் படிக்கிற பாப்பா. ஆனா அது சிலுவைக்கு முன்னாடி. அப்ப அத்திப்பழம் வேணும். இப்ப எதுக்கு?" என்றார். "லூக்கா சிலுவைக்குப் பின்னாடிதானே ஐயா?" என்றேன். "கேள்வி புத்தியிலேர்ந்து வருது, விசுவாசம் ஆவியிலேர்ந்து வருது" என்று மட்டும் சொன்னார். அவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. கன்னம் பலாச்சுளை மாதிரி வீங்கியிருக்கிறது. 'வலி இல்லை' என்றே சொல்லிக்கொண்டு பிரசங்கம் செய்கிறார். "ஐயாவுக்கு ஒரு பக்கத்து மூஞ்சி மட்டும் ஆசீர்வாதமாயிடுச்சு" என்று அம்மாக்கண்ணு அத்தை என் காதில் சொன்னாள். ஆனால் அவர் ஏமாற்றுகிறவர் இல்லை அக்கா. மற்றவர்களுக்குச் சொல்வதைத் தானும் செய்கிறார். அவர் பொய்யராக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இன்னொன்று. நாம் முதலில் போன பழைய சபையில் அப்பா குடியை விடவில்லை. இந்தச் சபைக்கு வந்துதான் விட்டார். பாஸ்டர் சொல்வது தவறென்றால், அப்பா குடியை விட்டதும் பொய்யாகிவிடுமா?

குழப்பத்தோடு, ஆனால் உன்னை மறக்காமல்,
தமிழரசி

*

புதூர்நாடு,
20 ஜூலை 2024

அன்பு மகள் அருணாவுக்கு அம்மா ஈஸ்வரி சொல்ல, தமிழரசி எழுதியது.

ஜெயம் உண்டாவதாக. நான் பூரண சுகத்தோடு இருக்கிறேன். அப்பாவும் தமிழரசியும் பூரண சுகம். ஒரு குறையும் இல்லை. நீ ஆஸ்பத்திரிப் படிப்பில் மனதைக் கெடுத்துக்கொள்ளாமல் விசுவாசத்தில் இரு. என் சாட்சியைக் கேட்டு உன் அம்மாக்கண்ணு அத்தையும் சர்க்கரை மாத்திரையை விட்டுவிட்டாள். மலையில் பல குடும்பம் சபைக்கு வருகிறது. பாதிப் பேர் என் சாட்சியைக் கேட்டு வந்தவர்கள். எங்களுக்காகக் கவலைப்பட வேண்டாம். இங்கே வர வேண்டாம்.

ஜெயத்தில் நிலைத்திருக்கும்,
அம்மா

*

புதூர்நாடு,
23 ஜூலை 2024

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துக்கொள். மதிய இடைவேளையில் எழுதுகிறேன்.

சனிக்கிழமைக் கடிதம் வந்திருக்கும். அது என் கையெழுத்துதான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்தார். 'பூரண சுகம்' என்று சொல்லும்போது அம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது. சொல்லை நிறுத்திவிட்டு வெளியே போய், துண்டை வாயில் அடைத்துக்கொண்டு இருமிவிட்டு வந்து, மறுபடியும் அதே சொல்லிலிருந்து தொடங்கினாள். அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் துண்டை அம்மா தானே துவைத்தாள். கொடியில் உலர்த்தும்போது பார்த்தேன். கறை முழுவதும் போகவில்லை. சிவப்பு.

இருமல் வந்து மூன்று வாரமாகிறது. சபையில் மட்டும் இருமுவதில்லை. எப்படி அடக்குகிறாள் என்று தெரியவில்லை. பாட்டு நேரத்தில் மேளம் உரக்க அடிக்கும்போது மட்டும் குனிந்துகொள்கிறாள்.

என்ன செய்வது? சீக்கிரம் எழுது.

தமிழரசி

*

வேலூர்,
2 செப்டம்பர் 2024

என் தமிழுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. பரீட்சை, வார்டு வேலை என்று நாள் ஓடிவிட்டது. நான் சுகம்.

அம்மாவைக் கட்டாயப்படுத்தி மருத்துவமனைக்குக் கொண்டுவர எனக்கு வழி தெரியவில்லை. மணியம்மாள் அக்காவிடம் போனில் பேசினேன். 'மாத்திரையை வாயில் நான் போட முடியும்மா, முழுங்குறது அவதானே' என்றார். என்னோடு படிப்பவர்கள் எல்லோரும் 'உன் அம்மா முட்டாளா' என்று கேட்கிறார்கள். அம்மா முட்டாள் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள். அந்தச் சொல் அவளைக் கொல்கிறது.

தண்ணீர் காய்ச்சிக் கொடு. முட்டை கிடைத்தால் அவித்துக் கொடு. போன இரண்டு கடிதத்திலும் உன் உடம்பைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. எப்படி இருக்கிறாய்?

உன் முகத்தையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அருணா

*

புதூர்நாடு,
12 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமென்று எழுதியிருந்தாய், சந்தோஷம்.

நேற்று ஜீப் ஓட்டும் சேட்டு அண்ணன் வழியில் என்னைக் கேட்டார். "உங்கக்கா அன்னிக்கு அழுதுகினே போச்சே, நல்லபடியா போய் சேந்துச்சா?" என்று. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் அவரே சொன்னார். ஆகஸ்டில் நீ வந்திருக்கிறாய். ஜீப் நிற்குமிடத்தில் அப்பா உன்னைப் பார்த்துவிட்டு, பையைக் கீழே வைக்கக்கூட விடாமல் அதே ஜீப்பில் திருப்பி ஏற்றியிருக்கிறார். "சுகத்தைக் கெடுக்க வந்தியா?" என்று கேட்டாராம். நீ காலைத் தொட்டுக் கேட்டும் விடவில்லையாம். பரீட்சை என்று எனக்கு எழுதினாயே அக்கா.

அம்மா மெலிந்துவிட்டாள். வளையல் முழங்கை வரை ஏறுகிறது. பாஸ்டர் போன வாரம் வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டு, "இந்த வூட்ல யார் கிட்டியோ அவிசுவாசம் இருக்கு. அதான் தடையா நிக்குது" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் மூன்று பேர். அப்பா இல்லை, அம்மா இல்லை.

நான் கேள்வி கேட்டதால்தான் அம்மாவுக்கு இருமல் திரும்பியதா? எசேக்கியாவைப் பற்றிக் கேட்ட வாரத்தில்தான் தொடங்கியது. கேள்வியே கேட்காமல் இருக்க முயற்சி செய்கிறேன். பாடப்புத்தகத்தைத் திறந்தால்கூடக் கேள்வி வந்துவிடுகிறது. நுரையீரல் பாடத்தை இன்னும் படிக்கவில்லை.

என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

எனக்காக ஜெபித்துக்கொள்,
தமிழரசி

*

வேலூர்,
20 செப்டம்பர் 2024

என் கண்ணே தமிழு,

நான் வந்ததை உனக்கு எழுதினால் நீ அப்பாவை வெறுப்பாய் என்று பயந்தேன். அந்த வீட்டில் நீ அவரோடுதானே இருக்க வேண்டும்.

இப்போது நன்றாகக் கேள். அம்மாவின் இருமலுக்கு உன் கேள்வி காரணம் இல்லை. நிறுத்திய மாத்திரைதான் காரணம். ஒரு சின்னப் பெண் சந்தேகப்பட்டாள் என்பதற்காக அவள் அம்மாவைத் தண்டிக்கிற கடவுளை நான் கும்பிடவில்லை. அப்படி ஒருவரைப் பாஸ்டர் காட்டினால் அது வேறு யாரோ.

அப்பாவைப் பற்றி நீ கேட்டதற்கு இத்தனை நாள் பதில் தெரியாமல் இருந்தேன். அப்பா குடியை விட்டது உண்மை. அது நல்லது. ஒரு மனிதர் ஒரு விஷயத்தில் நமக்கு நன்மை செய்துவிட்டால் அவர் சொல்வதெல்லாம் சரியாகிவிடாது. அவர் ஒன்றில் தவறியதால் அந்த நன்மையும் கெட்டுவிடாது. அப்பாவுக்குத்தான் இது தெரியவில்லை. பாஸ்டர் தவறென்று ஒத்துக்கொண்டால் மறுநாளே சாராயத்துக்குப் போய்விடுவோம் என்று பயப்படுகிறார் போல.

ஜெயம்மாள் டீச்சரிடம் பேசினேன். வகுப்பில் நீ இருமுகிறாய் என்றார். எப்போதிலிருந்து? உள்ளது உள்ளபடி எழுது.

உன் அக்கா

*

புதூர்நாடு,
21 அக்டோபர் 2024

அக்கா,

எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து ஒரு மாதமாகிவிட்டது.

ஆகஸ்டிலிருந்து இருமுகிறேன். சாயங்காலம் காய்ச்சல் வருகிறது. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. எழுதினால் அது உண்மையாகிவிடும், எழுதாமல் இருந்தால் இல்லாமலே போய்விடும் என்று நம்பினேன். பாஸ்டர் சொல்வதில் எதையெல்லாம் நம்பவில்லை என்று உனக்கு எழுதினேனோ, அதையெல்லாம் என் உடம்பில் நம்பிப் பார்த்தேன்.

போன வாரம் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். தலையணையில் முகத்தைப் புதைத்து இருமிக்கொண்டிருந்தேன். வந்து முதுகைத் தடவினாள். காலையில் அப்பாவிடம், "என்னாங்க, இவளுக்கும் வந்திடுச்சு" என்றாள். "அப்படிச் சொல்லாத" என்று அப்பா கத்தினார். அம்மா மறுபடியும் சொன்னாள். நம் வீட்டில் வியாதியை வாய்விட்டுச் சொன்னது, அதுவும் இரண்டு முறை, அன்றுதான்.

நேற்று சபையில் அப்பா என்னை முன்னால் கூட்டிப் போய் நிறுத்தினார். பாஸ்டர் தலையில் கை வைத்து ஜெபித்தார். அவர் கண்ணில் தண்ணீர். "சொல்லு பாப்பா, எனக்கு வியாதி இல்லன்னு சொல்லு."

சொன்னேன். சொல்லி முடிக்கும் முன் இருமினேன்.

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். வரும் ஞாயிறு சாட்சி நேரத்தில் நான் பேச வேண்டுமாம். அம்மாவைப் போலவே. என் மார்க்கையும், புத்தகம் படிப்பதையும், கேள்வி கேட்டதையும் சொல்லி, இப்போது சுகமாகிவிட்டேன் என்று சொல்ல வேண்டுமாம். நான் நன்றாகப் பேசுவேன் என்று பாஸ்டருக்குத் தெரியும். கேட்பவர்கள் நம்புவார்கள். அத்தைக்கு ஏற்கெனவே கால் விரலில் புண். என்னைக் கேட்டு இன்னும் யார் யார் மாத்திரையை விடுவார்களோ.

மறுத்தால் அப்பா என்ன ஆவார்? ஒத்துக்கொண்டால் அம்மா என்ன ஆவாள்? எனக்கு வேறு யாரையும் கேட்கத் தெரியவில்லை. சீக்கிரம்.

தமிழரசி

*

வேலூர்,
24 அக்டோபர் 2024

தமிழு,

பேசாதே. சாட்சி சொல்லாதே. சண்டையும் போடாதே. அன்று தலைவலி என்று படுத்துக்கொள்.

இந்தக் கடிதம் சனிக்கிழமைக்குள் வந்துவிடும் என்று நம்புகிறேன். திங்கள்கிழமை விடுப்பு வாங்கிவிட்டேன். திருப்பத்தூரில் காத்திருப்பேன். மணியம்மாள் அக்காவிடமும் டீச்சரிடமும் சொல்லிவிட்டேன். உனக்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். நீ சின்னப் பெண், வீட்டில் மறுத்தாலும் உன்னைக் காப்பாற்ற ஆட்கள் உண்டு. அம்மாவை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அம்மா தானாக வந்தால்தான்.

உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளும்,
அருணா

*

புதூர்நாடு, ஜெயம்மாள் டீச்சர் வீடு,
27 அக்டோபர் 2024, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

சற்று முன் டீச்சர் போனில் நீ 'என்ன நடந்தது, சொல்லு' என்று கேட்டாய். என்னால் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். நாளை உன் கையிலேயே கொடுப்பேன். அம்மா பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். படுத்தால் மூச்சு வாங்குகிறது. காலையில் சேட்டு அண்ணன் ஜீப்பில் நாங்கள் இருவரும் வருகிறோம். அப்பா வரவில்லை. எங்களைத் தேடியும் வரவில்லை.

உன் கடிதம் வந்தது. ஆனால் தலைவலி என்று நான் படுக்கவில்லை. அது சபையில் சொல்ல முடியாத ஒரு சொல் என்பது உனக்கு மறந்துவிட்டது அக்கா. 'தலைவலி' என்று சொன்னால் அதற்கும் ஜெபித்திருப்பார்கள்.

மாலைக் கூட்டம். தகரக் கொட்டகை நிறைந்திருந்தது. பாட்டு முடிந்து பாஸ்டர், "சாட்சி நேரம்! நம்ம தமிழரசி பாப்பா வருது" என்றார். அப்பா மைக் செட்டுக்குப் பக்கத்தில், சுவிட்சு பலகைக்குக் கீழே நின்றுகொண்டு, போ, போ என்று கையசைத்தார். கொட்டகைக்கு மைக்கும் விளக்கும் அவர் பொறுப்பு. அது அவர் சபையில் செய்கிற ஊழியம்.

நான் எழுவதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். பெண்கள் பக்கத்திலிருந்து முன்னால் போனாள். இரண்டு இடத்தில் நின்று நின்று போனாள். பாஸ்டர் சிரித்துக்கொண்டே மைக்கைக் கொடுத்தார். மகளுக்கு முன்னால் தாய் பேசுவது நல்லதுதான் என்று நினைத்திருப்பார்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம்" என்றாள் அம்மா. "ஜூன் மாசம் இந்த எடத்துல நின்னு ஒண்ணு சொன்னேன். நோவு போச்சுன்னு. அது தப்பு. நோவு போவல. மாத்திர சாப்பிட்டதால அப்ப கொறஞ்சிருந்துச்சு. நான் மாத்திரைய வுட்டேன், திரும்பி வந்திடுச்சு. எம் மேலேர்ந்து எம் பொண்ணுக்கும் ஒட்டிக்கிச்சு."

பாஸ்டர், "சகோதரி, சகோதரி" என்று கை நீட்டினார். அம்மா மைக்கைக் கொடுக்கவில்லை.

"ஆண்டவர் மேல எனக்குக் கோவம் இல்ல. அவரு எனக்கு ரெண்டு மாசம் நல்லா ஆக்கிக் குடுத்தாரு, நாந்தான் பாதில கை வுட்டேன். ஐயா மேலயும் கோவம் இல்ல. ஐயாவுக்குப் பல்லு வலிக்குது, நாலு மாசமா பாக்கறேன். ஐயா, போயி புடுங்கிக்கோங்க."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். உடனே நிறுத்திக்கொண்டார். பாஸ்டர் கை அவரையறியாமல் கன்னத்துக்குப் போனது.

அப்போது மைக் நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். அப்பாவின் விரல் சுவிட்சு மேல் இருந்தது. அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. வாய் ஏதோ முணுமுணுத்தது. கோபமில்லை அக்கா. பயம்.

அம்மா மைக்கைக் கீழே வைத்துவிட்டு, இருக்கிற குரலை எல்லாம் சேர்த்துக் கத்தினாள். "அம்மாக்கண்ணு! உங் கால காட்டு இவங்களுக்கு. நாளைக்கே போயி மாத்திரைய வாங்கு. என் பேச்சக் கேட்டுத்தான வுட்ட? இப்பவும் என் பேச்சக் கேளு."

"இன்னா ஈஸ்வரி சொல்ற?" என்று அத்தை அழுதுகொண்டே எழுந்தாள். "அப்ப அது இன்னா, பொய்யா?"

"பொய்யின்னு தெரிஞ்சு சொல்லல. இப்பத் தெரிஞ்சிடுச்சு, சொல்றேன்."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. இத்தனை மாதம் அந்தக் கொட்டகையில் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க முந்தானையை வாயில் வைத்தாள், அது சிவந்தது, மறைக்கவில்லை. நான் முன்னால் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தேன். எனக்கும் இருமல் வந்தது. நானும் அடக்கவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் பேசத் தொடங்கினாள். "எம் பேரு ஈஸ்வரி, எனக்குக் காசநோய்" என்றாள். இன்னும் ஏதோ சொல்ல வாய் திறந்தாள்.

விளக்குகள் அணைக்கப்பட்டன.